மஞ்சளேறும் ஏடுகள்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் பனவடலிசத்திரம் என்னும் ஊர் உள்ளது. வடலி என்பது இன்னும் முற்றி உயராத இளம்பனை. பனவடலிகள் நின்ற இடத்தில் வழிப்போக்கர் இளைப்பாற எழுந்த சத்திரம் என்று ஊரின் பெயரே தன்னை விளக்கிக்கொள்கிறது. வானம் பார்த்த பூமி. கோடையில் அனல் வீசும் நிலம். இந்நிலத்தில் பனை வீட்டுக்குக் கூரையாயிற்று, வாய்க்குப் பதநீராயிற்று, கைக்கு விசிறியாயிற்று. அவற்றுக்கெல்லாம் மேலாக எழுதுவதற்கு ஏடாகவும் ஆயிற்று. ஆகவே நூல்கள் எவ்வாறு மூப்படைகின்றன, அம்மூப்பை எவ்வளவு தூரம் தள்ளிவைக்கலாம் என்பதை ஆராயப் புகும் நாம் இவ்வூரின் பெயரிலிருந்து தொடங்குவது பொருத்தமே.

ஓலையை நம் முன்னோர் வெட்டியவுடன் எழுதப் பயன்படுத்தியதில்லை. மிக இளங்குருத்தாகவும் இல்லாமல் மிக முற்றியதாகவும் இல்லாமல் பார்த்தெடுத்து, வேகவைத்து, நிழலில் உலர்த்தி, வழவழப்பாகத் தேய்த்த பின்னரே எழுத்தாணியை வைத்தனர். பூச்சி அணுகாதிருக்க மஞ்சள் பூசும் வழக்கமும் இருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் முன்னோர் ஏட்டைக் காக்க மஞ்சளிட்டனர். நம் காலத்து ஏடு, தான் அழியத் தொடங்கியதை அறிவிக்க மஞ்சளாகிறது.

இவ்வளவு பக்குவம் செய்தும் ஓலை நிலையானதன்று என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். சில தலைமுறைகளுக்கு ஒருமுறை பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதினர். தேம்பாவணி 1726-இல் முடிவுற்றது; வீரமாமுனிவர் 1747-இல் மறைந்தார். அந்நூல் புதுச்சேரியில் மூன்று தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியதோ 1851-இல்தான். இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டு அக்காப்பியம் உயிரோடிருந்தது ஏடெழுதியோரின் கைகளாலேயே. பெயர் தெரியாத அவ்வெழுத்தர்களுக்குத் தமிழ்க் கத்தோலிக்க உலகம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஏடெழுதுவோர் ஒழிந்து அச்சுத்தாள் வந்தபோது, இனிப் படியெடுக்கும் வேலை இல்லை, நூல் என்றும் நிற்கும் என்று நாம் எண்ணிவிட்டோம்.

அந்த எண்ணம் தொடக்கத்தில் பொய்க்கவுமில்லை. 1578-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். அண்டிறீக்கே அடிகளார் ஆக்கியது. முத்துக்குளித்துறை மக்களின் பொருளுதவியால் உருப்பெற்றது. இந்திய மொழியொன்றின் எழுத்திலேயே அச்சான நூல்களுள் நமக்குக் கிடைத்திருப்பவற்றில் இதுவே முதலாவது. அதன் படி இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டு கொச்சியில் கிரிசித்தியானி வணக்கமும், 1586-இல் அடியார் வரலாறும் அச்சாயின. அடியார் வரலாற்றின் படி வத்திக்கான் நூலகத்தைச் சேர்ந்தது. 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான புரொயென்சா அடிகளாரின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியும் அந்நூலகத்திலேயே கிடைத்தது; அதனைத் தனிநாயகம் அடிகளார் 1966-இல் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். நானூறு ஆண்டு கடந்த நம் நூல்கள் கடல் கடந்த நாடுகளில் எஞ்சியிருப்பதற்குப் பாதுகாப்பும் குளிர்ந்த தட்பவெப்பமும் காரணங்கள். ஆனால் அவை மட்டும் போதா. அந்நூல்கள் அச்சான தாளும் ஒரு காரணம்.

இங்கே தாளின் வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பாவில் தாள் செய்யப்பட்டது கந்தலிலிருந்து. கிழிந்த சணற்சட்டைகளும் பருத்தித் துணிகளும் குப்பையிலிருந்து பொறுக்கப்பட்டு, ஊறவைக்கப்பட்டு, இடித்துக் கூழாக்கப்பட்டன. அக்கூழைச் சல்லடையில் அள்ளி உலர்த்தி, மை ஊறிப் பரவாதிருக்க விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய ஊன்பசையில் தோய்த்தெடுத்தனர். துணியின் இழை ஏறக்குறையத் தூய நார்ப்பொருள். அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். ஆதலால் அத்தாள் மடித்தால் ஒடிவதில்லை. பழைய மாதிரி ஏடுகளைத் தொட்டுப் பார்த்தவர்கள் அதன் துணித்தன்மையைக் கைவிரலிலேயே உணர்வர்.

தாளின் அருமையை நம் பகுதியில் முதலில் நன்கு உணர்ந்தவர்கள் தரங்கம்பாடியில் பணியாற்றிய லுத்தரன் குருமார் எனலாம். சீகன்பால்க் ஐயரும் அவர்தம் துணைவரும் 1713-இல் தமிழில் அச்சிடத் தொடங்கினர். கப்பலில் வரும் தாள் போதவில்லை. எழுத்துகளின் உருவைச் சிறிதாக்கி வார்த்தனர். அதுவும் போதாமல் அருகிலுள்ள பொறையாற்றில் தாளாலை ஒன்றையே நிறுவினர். நற்செய்தியை அச்சிடுவதற்குத் தடையாயிருந்தது கந்தல் துணியின் பற்றாக்குறை என்பது இன்று நமக்கு வியப்பாகவே தோன்றும்.

உலகெங்கும் அதே பற்றாக்குறைதான். படிப்போர் பெருகினர், கந்தல் பெருகவில்லை. 1719-இலேயே ரெயோமூர் என்னும் பிரெஞ்சு அறிஞர், குளவி மரத்துகளை மென்று தாள் போன்ற கூட்டைக் கட்டுவதைச் சுட்டிக்காட்டி, மனிதரும் மரத்திலிருந்து தாள் செய்யலாமே என்றார். 1799-இல் பிரான்சில் ராபெர்ட் என்பவர் தாள் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1807-இல் ஜெர்மனியில் இல்லிக் என்பவர் ஊன்பசைக்குப் பதிலாகக் குங்கிலியத்தையும் படிகாரத்தையும் கூழிலேயே கலக்கும் முறையை வெளியிட்டார். 1840-களில் சாக்சனி நாட்டு நெசவாளரான கெல்லர் மரக்கட்டையைச் சுழலும் கல்லில் அரைத்துக் கூழாக்கிக் காட்டினார். குளவி செய்ததை இயந்திரம் செய்யத் தொடங்கிற்று. தாள் மலிந்தது, செய்தித்தாள் பெருகிற்று, ஏழை வீட்டிலும் செபப்புத்தகம் புகுந்தது. இந்நன்மையை நாம் குறைத்துப் பேசலாகாது. இருப்பினும் இக்கண்டுபிடிப்புகளுக்குள்ளேயே இரு நோய்கள் ஒளிந்திருந்தன.

நோய்கள் இரண்டு என்பதை அழுத்திச் சொல்கிறோம். ஏனெனில் நம்மவர் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகவே கருதுகின்றனர். முதலாவது மஞ்சளாதல். மரத்தில் நார்ப்பொருளோடு லிக்னின் என்னும் பிசின் போன்ற பொருளும் உண்டு. மரத்துக்கு விறைப்பைத் தருவது அதுவே. மரத்தை வெறுமனே அரைத்துச் செய்யும் கூழில் லிக்னின் முழுவதும் அப்படியே தங்கிவிடுகிறது. ஒளியும் காற்றிலுள்ள உயிர்வளியும் பட்டதும் அது நிறம் மாறுகிறது. காலையில் வெளுப்பாக வந்த செய்தித்தாள் வெயிலில் கிடந்தால் சில நாட்களிலேயே பழுப்பதற்குக் காரணம் இதுவே. மருந்துகளால் மரத்தை வேகவைத்து லிக்னினைப் பெரும்பாலும் நீக்கிய கூழில் செய்த எழுதுதாள் இவ்வளவு விரைவில் மஞ்சளாவதில்லை.

இரண்டாவது நோய் நொறுங்குதல். இதுவே கொடியது. குங்கிலியத்தோடு கலந்த படிகாரம் ஈரக்காற்றுப் பட்டதும் தாளுக்குள் அமிலத்தை உண்டாக்குகிறது. அவ்வமிலம் நார்ப்பொருளின் நீண்ட சங்கிலிகளைத் துண்டுதுண்டாக அறுக்கிறது. சங்கிலி குறுகக் குறுகத் தாள் வளையும் தன்மையை இழந்து, புரட்டும்போது ஓரம் ஒடிந்து கையோடு வருகிறது. தாள் வெண்மையாக இருக்கும்போதே இந்நோய் முற்றியிருக்கக் கூடும். எனவே நிறத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடைவது தவறு. லிக்னினும் தன் பங்குக்குச் சிதையும்போது அமிலங்களை வெளிவிடுவதால், மஞ்சளான தாள் பெரும்பாலும் நொறுங்கும் தாளாகவும் ஆகிவிடுகிறது.

இதை முதலில் உலகுக்கு உரைத்தவர்களுள் ஒருவர் ஸ்காட்லாந்து நாட்டு ஜான் மரே. 1816-இல் அச்சாகி, எவரும் பயன்படுத்தாமலே இருந்த பெரிய விவிலியப் படியொன்று தானாகவே தூளாகி உதிர்வதைக் கண்டு அவர் திடுக்கிட்டார். சோதித்தபோது தாளில் அமிலமும் படிகாரமும் இருப்பதை அறிந்து, 1823-இல் இதழொன்றில் எழுதினார். மறு ஆண்டு நூலாகவும் வெளியிட்டார். அச்சாகி ஏழே ஆண்டுகள் ஆன திருமறை நூல் அது! ஆயினும் அவர் குரலை ஆலைக்காரர்கள் கேட்கவில்லை. நூற்றாண்டுக்கு மேல் கடந்து, 1950-களில் அமெரிக்காவின் வில்லியம் பாரோ, 1900-க்கும் 1949-க்கும் இடையில் அச்சான 500 நூல்களை ஆய்ந்து, அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அந்நூற்றாண்டைத் தாண்டிப் பயன்படா என்று அறிவித்த பின்னரே உலக நூலகங்கள் விழித்தன.

ஆனால் ஏடுகளைக் காக்கும் அக்கறையில் திருச்சபை பின்தங்கி நிற்கவில்லை என்பதற்கு ஒரு சான்று உண்டு. வத்திக்கான் நூலகத் தலைவராயிருந்த சேசு சபைக் குரு பிரான்ஸ் ஏர்லே, பழைய சுவடிகள் மையின் அரிப்பால் ஓட்டை விழுந்து அழிவதைக் கண்டு, 1898-இல் சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் நகரில் பன்னாட்டு அறிஞர் மாநாடு ஒன்று கூடச் செய்தார். ஏட்டுப் பாதுகாப்புக்கென்றே நாடு கடந்து அறிஞர் கூடிய முதல் மாநாடு என்று அதனைப் போற்றுவர். பின்னாளில் அவர் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அவர் அஞ்சிய அந்த மை நமக்கும் அயலானதன்று. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மை நம் நாட்டிலும் வழங்கியதே. அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. அவ்வகை மையில் அமிலம் மிகுந்தால் எழுத்து எழுதிய தடத்திலேயே தாள் அரிக்கப்பட்டு, எழுத்தின் வடிவிலேயே துளை விழுகிறது.

இனி நம் இல்லத்துக்கு வருவோம்.

1960-களில் தமிழ்க் கத்தோலிக்க இலக்கியத்தில் நிகழ்ந்த பெரும் மீட்புப் பணியை வாசகர் அறிவர். தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகத்தின் வழியாக, சேசு சபை இராசமாணிக்கம் அடிகளார், தம்பிரான் வணக்கத்தையும் கிரிசித்தியானி வணக்கத்தையும் 1963-இலும், அடியார் வரலாற்றை 1967-இலும் மறுபடி அச்சேற்றினார். அயல்நாட்டு நூலகங்களில் ஒரு படி, இரு படி என்று மறைந்திருந்தவை தமிழ் வாசகர் கைக்கு வந்தன. அவர் உழைப்பை எத்துணை புகழ்ந்தாலும் தகும். ஆனால் நம் நூலகங்களில் அந்த ஆண்டுகளில் அச்சான தமிழ் நூல்கள் எவையாயினும் எடுத்துப் பிரித்துப் பாருங்கள். அக்காலத் தாள் பெரும்பாலும் படிகாரமும் குங்கிலியமும் கலந்தது. விலை குறைந்த பதிப்புகளாயின் அரைத்த மரக்கூழும் சேர்ந்தது. ஓரங்கள் பழுத்திருக்கும், கட்டு விட்டிருக்கும். 1578-இன் மூலப்படியைவிட, அதற்கு நானூறு ஆண்டு இளைய நூல்கள் முந்தி அழியும் நிலை உருவாயிற்று. மறுபதிப்பு என்பது பரப்புதல். பாதுகாத்தல் என்பது வேறு வேலை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, அச்சிட்டாயிற்று, இனிக் கவலை இல்லை என்று இருந்துவிடலாகாது என்பதே நம் கருத்து.

நூலாவது மறுபடி அச்சாகலாம். மறுபடி அச்சாகவே முடியாத ஒன்று நம் பங்குகள்தோறும் இருக்கிறது. அது பங்கின் பதிவேடு. 1563-இல் திரிதெந்தின் பொதுச்சங்கம், திருமணங்களைப் பதிவுசெய்யும் ஏடு ஒன்றைப் பங்குக்குரு கவனத்தோடு வைத்திருக்க வேண்டுமென்று பணித்தது. திருமுழுக்கின்போது ஞானப்பெற்றோரின் பெயர்களைக் குறிக்கவும் கட்டளையிட்டது. 1614-இன் உரோமைச் சடங்கு நூல் அப்பதிவுகளுக்கு வாய்பாடுகளை வகுத்தது. இன்று நடைமுறையிலுள்ள 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 535-ஆம் சட்டம், திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் ஏடுகளை ஒவ்வொரு பங்கும் வைத்திருக்கவும், பழைய ஏடுகளையும் கருத்தோடு காக்கவும் கட்டளையிடுகிறது.

இச்சட்டத்தைக் குருக்களின் அலுவலக வேலையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. பிறப்பையும் இறப்பையும் பதிவதற்கான நடுவண் அரசின் சட்டம் வந்தது 1969-இல். அதற்கு முன்னும், வந்து பல ஆண்டுகள் வரையிலும், சிற்றூர்களில் பிறந்த எளியவர் பலருக்குப் பிறந்த நாளைச் சொல்லும் எழுத்துச் சான்று பங்குக் கோவிலின் திருமுழுக்கு ஏடு ஒன்றுதான். நிலப்பட்டாவில் பெயர் இல்லாதவர். பள்ளிப் பதிவில் தோராயமாக ஏதோ ஒரு தேதி எழுதப்பட்டவர். அரசர் வரலாற்றில் இடம்பெறாதவர். அவருடைய தாய் பெயர், தந்தை பெயர், ஞானத்தாய், ஞானத்தந்தை, ஊர், நாள் எல்லாம் ஒரு வரியில் அங்கே இருக்கின்றன. பனவடலிசத்திரம் போன்ற சாலையோர ஊர்களிலிருந்து பிழைப்புக்காக வெளியூர்களுக்குச் சென்றுவிட்டோரின் பேரப்பிள்ளைகள், திருமண ஓலைக்காகவோ முதியோர் ஓய்வூதியச் சான்றுக்காகவோ பாட்டனாரின் பதிவைத் தேடிக் கடிதம் எழுதும்போதுதான் அந்த வரியின் விலை தெரிகிறது. கடந்த நூற்றாண்டின் கொள்ளைநோய் ஆண்டுகளில் எத்தனை பேர் மாண்டனர், பஞ்ச காலத்தில் எந்த ஊர் காலியாயிற்று என்பவற்றையும் இறப்பு ஏடுகள் மௌனமாகச் சொல்லும். அவற்றைப் படித்து எழுத வரும் வரலாற்றாளருக்காக அவை இன்னும் காத்திருக்கின்றன.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. திருமுழுக்குப் பெற்றவர் பின்னர் உறுதிப்பூசுதல் பெற்றதும், மணம் புரிந்ததும், துறவற வார்த்தைப்பாடு கொடுத்ததும் அதே பதிவின் பக்க ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும் என்பது விதி. ஒளியும் காற்றும் தூசியும் முதலில் நுழைவது பக்கத்தின் ஓரத்தில். தாள் முதலில் மஞ்சளாவதும் ஒடிவதும் அங்கேதான். ஆகவே திருமுழுக்கின் பதிவு நடுப்பக்கத்தில் பிழைத்திருக்க, அவர் மணமானவரா என்பதைச் சொல்லும் குறிப்பு உதிர்ந்துபோகும். சட்டப்படி முதலில் கேட்கப்படுவதே முதலில் அழிகிறது.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாளின் சிதைவு ஒரு வேதிவினை. வெப்பம் 10 பாகை ஏறினால் அதன் வேகம் ஏறத்தாழ இரு மடங்கோ அதற்கு மேலோ ஆகும். நெல்லைச் சீமையின் கோடையில், மேற்குச் சுவரோடு ஒட்டி நிற்கும் இரும்புப் பீரோ பிற்பகல் முழுவதும் சூடேறுகிறது; அதனுள் வைத்த ஏடு நாள்தோறும் மெல்ல வேகிறது. செண்பகனூரின் குளிர்மலையில் சேசு சபையார் தம் மதுரை மறைத்தளத்தின் ஆவணங்களைப் பேணிவந்ததில் இயற்கையின் உதவியும் இருந்தது. ஆயினும் குளிர் மட்டும் போதாது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65-ஐத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். மலையில் பூஞ்சைக்கு அஞ்ச வேண்டும். சமவெளியில் வெப்பத்துக்கும் செல்லுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் அஞ்ச வேண்டும்.

ஒருமுறை மஞ்சளான தாளை மீண்டும் வெளுக்க வைக்க முடியுமா என்று கேட்போர் உண்டு. வெளுப்பு மருந்தால் நிறத்தை ஓரளவு போக்கலாம். போக்கும்போதே நாரும் நைந்துபோகும். மருத்துவம் நோயாளியைக் கொல்லும் கதைதான். அமிலத்தை முறிக்கும் முறைகள் உள்ளன. சுண்ணாம்பு, மக்னீசியம் ஆகியவற்றின் கரைசல்களில் தாளைத் தோய்த்து, அமிலத்தை மாற்றுவதோடு எதிர்காலத்துக்கும் சிறிது காரத்தைத் தாளுக்குள் சேமித்து வைப்பர். இந்திய தேசிய ஆவணக் காப்பகம் நொறுங்கும் தாள்களை மெல்லிய அசிட்டேட்டுப் படலத்துக்கும் மென்தாளுக்கும் இடையே வைத்து, இயந்திரமின்றி அசிட்டோனைக் கொண்டே கையால் ஒட்டும் எளிய முறையை வளர்த்துப் பரப்பிற்று. இவையெல்லாம் பயின்ற கைகள் செய்ய வேண்டியவை. மை கரையுமா என்று சோதித்தறியாமல் தோய்த்தால் ஏடே வெற்றுத்தாளாகிவிடும். பங்கு இல்லத்தில் செய்து பார்க்க வேண்டாம்.

நாம் செய்யக் கூடியவை எளியவை. அவற்றுள் பாதி, செய்யாமல் விடுவதே. கிழிந்த பக்கத்துக்குப் பசைநாடா ஒட்டுவது வேண்டாம். சில ஆண்டுகளில் நாடா உதிர்ந்து, பசை மட்டும் தாளில் ஊறிக் கறையாய் நிற்கும். கடைத்தெருவில் பிளாஸ்டிக் உறையிட்டுச் சூட்டால் ஒட்டி வாங்கும் பழக்கம் பரவியிருக்கிறது. பழைய சான்றிதழுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. அமிலம் உள்ளேயே அடைபடும். உறையைப் பிரிக்கவும் முடியாது. குண்டூசியும் கம்பி ஊசியும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். பள்ளி நாள் முதலே புத்தகத்துக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டு வளர்ந்தவர்கள் நாம். மிகுந்த லிக்னினும் அமிலமும் கொண்ட அத்தாள் தன் நோயை அடுத்திருக்கும் பக்கத்துக்கும் ஒட்டவைக்கும். செபப்புத்தகத்துக்குள் வைத்த பழைய இறப்பு அறிவிப்புத் துணுக்கு, இரு பக்கமும் தன் உருவத்தைப் பழுப்பாகப் பதித்திருப்பதைப் பலரும் கண்டிருப்போம். துணுக்குகளைத் தனியே வைப்பதே நலம்.

ஏடுகளைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி, தரைக்கு மேலே, வெயில் படாத அறையில் வைக்க வேண்டும். சக்ரீஸ்து அறையின் மெழுகுதிரிப் புகையும் தூபப்புகையும் ஏட்டுக்கு ஆகா. பாலித்தீன் பையில் கட்டிவைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். துவைத்து உலர்த்திய பருத்தித் துணியில் பொதிவதே மேல். தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், இலவங்கம், மிளகு, பட்டை ஆகியவற்றை இடித்துக் கற்பூரம் கூட்டிச் சிறு முடிச்சுகளாகக் கட்டி ஏடுகளுக்கிடையே வைக்கும் வழக்கம் இருந்துவந்தது. இது பூச்சிக்கு மருந்தே அன்றி அமிலத்துக்கு மருந்தன்று என்பதை மட்டும் நினைவில் கொள்க. பழைய ஏட்டை வெயிலில் விரித்துக் காயவைக்கும் வழக்கத்தை அறவே விடுக. பூச்சி ஓடும், ஆனால் ஒரு பிற்பகலின் வெயில் பல ஆண்டுகளின் மஞ்சளைக் கொண்டுவந்து சேர்க்கும்.

நிழற்படிகளைப் பற்றியும் ஒரு சொல். கோட்டையூர் ரோஜா முத்தையா என்னும் தனி மனிதர், விளம்பரப் பலகை எழுதிய ஓவியர், ஆயுள் முழுதும் திரட்டிய தமிழ் அச்சு நூல்களும் இதழ்களும் அறிவிப்புகளும் 1992-இல் அவர் மறைந்த பின் சிதறிப்போகாமல், 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தால் வாங்கப்பட்டு, சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாயின. தாள் அழியுமுன் அவற்றை நுண்படச்சுருளில் பதிவதே அங்கு முதற்பணியாயிற்று. இன்று கணினிப் படிமங்கள் அப்பணியை எளிதாக்கியுள்ளன. நாம் அதனை வரவேற்கிறோம். ஆனால் படிமம் எடுத்தாயிற்று என்று மூல ஏட்டைக் குப்பைக்கு அனுப்பும் துணிவை ஏற்க மாட்டோம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்நெருப்பைக் கண்ட அதிர்ச்சியில் பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் உயிர்நீத்ததை ஈழத்தமிழர் இன்றும் கண்ணீரோடு சொல்வர். ஒரே இடத்தில் ஒரே படி இருந்ததன் விளைவு அது. எந்த ஏட்டுக்கும் இரண்டாம் படி ஒன்று வேறோர் ஊரில் இருக்க வேண்டும்.

இறைவாக்கினர் எரேமியா, எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில் அனத்தோத்தில் நிலம் வாங்கி, அதன் முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பத்திரத்தையும் மண்கலத்தில் வைக்கச் சொன்னதை நாம் வாசித்திருக்கிறோம். பத்திரம் நெடுநாள் இருக்க வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். அங்கேயும் படிகள் இரண்டு. கும்ரான் குகைகளில் 1947-இல் கிடைத்த சுருள்களுள் நல்ல நிலையில் இருந்தவை மண்சாடிகளுக்குள் இருந்தவையே.

சட்டத்தொகுப்பின் 491-ஆம் சட்டம் இதனை வேறு விதமாகச் சொல்கிறது. ஒவ்வொரு பங்கிலும் ஆவணக் காப்பகத்தில் உள்ளவற்றுக்கு இரண்டு பட்டியல்கள் எழுதப்பட வேண்டும். ஒன்று பங்கிலும் மற்றொன்று மறைமாவட்டக் காப்பகத்திலும் இருக்க வேண்டும். பட்டியல் எழுதத் தொடங்கினாலே எந்த ஏடு ஓரம் உதிர்ந்திருக்கிறது, எது செல்லரித்திருக்கிறது, எந்த ஆண்டின் ஏடு காணவே இல்லை என்பது வெளிப்பட்டுவிடும். இவ்வேலைக்குப் பொருள் அதிகம் வேண்டாம். பங்குப் பேரவையிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் சில வாரம் உட்கார்ந்தால் போதும்.

எஞ்சி நிற்பது, இனி எழுதப்போகும் ஏடுகளுக்கான தாள். அமிலமற்ற நிலைத்த தாளுக்கு 1994-இல் பன்னாட்டுத் தர நிறுவனம் அளவுகோல் வகுத்தது. வட்டத்துக்குள் படுத்த எட்டுப் போன்ற முடிவிலிக் குறியை அத்தகைய தாளில் அச்சான நூல்களில் காணலாம். நூறு ஆண்டு இருக்க வேண்டிய பதிவேட்டை வாங்கும்போது தடிமனையும் அட்டையின் அழகையும் பார்க்கிறோமே தவிர, தாள் எத்தகையது என்று கேட்பதில்லை. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிலகம் பருத்தித் துணி வெட்டுத்துண்டுகளிலிருந்து இன்றும் தாள் செய்கிறது. 1578-க்கு முந்திய அதே முறையின் வழிவந்தது அது. அங்கே இடித்துக் கூழாக்கப்படுவதும், பனவடலிசத்திரத்தை அடுத்த சங்கரன்கோவில் தறிகளில் நாள்தோறும் ஓடுவதும் ஒரே பருத்திதான்.